விரிசலுக்கு மேல் வண்ணம் பூசாதீர்கள்

இடிக்கப்போகிற கட்டடங்களில் ஓவியம் வரைவது பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. இடிக்கும்வரை சுவர் ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்கிறார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் நம் காலனிகளில் உள்ள பழைய தொகுப்பு வீடுகளிலும் இப்படிச் செய்யலாமே என்று நினைக்கும் மாணவத் தோழர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஓவியத்தின் மேல் நமக்குக் கோபம் இல்லை. காலண்டர் ஓவியர் கொண்டையராஜு வாழ்ந்து வரைந்த ஊர் கோவில்பட்டி. நாம் கேட்பது வேறு. யார் குடியிருக்கும் சுவர்? யார் பார்ப்பதற்கான படம்?

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும், சுவர் பிளக்கும். கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். அந்த விரிசல்தான் நம் சாட்சி. பொறியாளர் வந்து அளக்க வேண்டியதும், கலெக்டரிடம் கொடுக்கும் மனுவோடு படமெடுத்து வைக்க வேண்டியதும் அதைத்தான். அதன்மேல் மயில் வரைந்தால் சாட்சியை நாமே அழிக்கிறோம். சுவர் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள்.

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் கண்ணகி நகர். 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. குடியிருப்பவர்களில் சிலருக்கு அது பெருமையாகவும் இருந்திருக்கும். ஆனால் வேலையையும் பள்ளியையும் விட்டு தூரத்தில் தள்ளப்பட்டவர்களின் கேள்விக்கு எந்த வண்ணமும் பதில் சொல்லாது.

நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்றொரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. அதன் சுவர் ஓவியங்களுக்கு 2013இல் உரிமையாளர் இரவோடு இரவாக வெள்ளையடித்தார், பிறகு கட்டடத்தையும் இடித்தார். 2018இல் 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். ஓவியருக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது, அதனால் கிடைத்தது. தொகுப்பு வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த நம் அம்மாக்களில் எத்தனை பேர் கையில் பட்டா இருக்கிறது?

ஆகவே, தூரிகை எடுக்கும் முன் நான்கைக் கேட்டு வாங்குங்கள். பொறியாளரின் ஆய்வறிக்கை. இடித்த இடத்திலேயே வீடு என்று குடும்பத்தின் பெயர் போட்ட உத்தரவு. கட்டி முடிக்கும்வரை வாடகைப் பணம். பெண்கள் பெயரில் பட்டா.

இவை கைக்கு வந்தபின் தாராளமாக வரையுங்கள், நாங்களும் ஏணி பிடிக்கிறோம். முதலில் ஒவ்வொரு கதவின் மேலும் வீட்டு எண்ணையும், புது வீடு தருவதாக அதிகாரி எழுதிக்கொடுத்த தேதியையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தேதி தாண்டினால் ஊரே வாசிக்கட்டும்.

ஜெய் பீம்!