எந்த நூற்றுக்கு?

உழைப்பவனை ஏய்ப்பதற்குப் பொய் சொல்ல வேண்டுவதில்லை. மெய்யான ஓர் எண்ணை அரைகுறையாகச் சொன்னாலே போதும். "நூற்றுக்கு இருபது தள்ளுபடி" என்கின்றது கடை. "நூற்றுக்கு மூன்று வட்டி" என்கின்றான் கடன் கொடுப்பவன். "நூற்றுக்குப் பத்துக் கூலியுயர்வு" என்கின்றான் முதலாளி. மூன்றும் உண்மையான எண்களாகவே இருக்கலாம். ஆனால், எந்த நூற்றுக்கு என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்? எத்துணைக் காலத்துக்கு என்று கேட்பவர் எத்தனை பேர்? விழுக்காடு என்பது தனித்து நிற்கும் தொகையன்று, ஒன்றன் பங்கு. அந்த ஒன்று எதுவெனக் கேளாமல் விழுக்காட்டை நம்புவது, படியின் அளவைப் பாராமல் நெல் வாங்குவது போன்றதே.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அங்கு எல்லாம் நிறையில் தொடங்கி நிறையில் முடிகின்றன. பாவும் ஊடையும் சரிகையும் நெசவாளியிடம் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. நெய்த சேலையும் நிறுத்தே வாங்கப்படுகின்றது. இடையில் குறைந்தது எவ்வளவு, குறையத் தக்கது எவ்வளவு என்னும் கணக்கில் ஒரு குடும்பத்தின் கூலி அடங்கியுள்ளது. சாயமேற்றுமுன் பட்டிழையை வழலை கரைத்த கொதிநீரில் இட்டு, இயற்கையாகவே அதன்மேல் படிந்துள்ள பசையைப் போக்குவர். அதனால் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 குறையும். அவ்வாறாயின், வெந்தெடுத்த இழை 600 கிராம் வேண்டுமென்றால், வேகாத இழை எவ்வளவு தேவை? "600-உடன் அதன் காற்பங்கைக் கூட்டினால் 750" என்பார் பலர். 750 கிராமை வேகவைத்தால் கிடைப்பது 562½ கிராமே. குறைவது வேகாத இழையின் காற்பங்கு. கூட்டியதோ வெந்த இழையின் காற்பங்கு. நூறு மாறிவிட்டது! முக்காற்பங்கு 600 என்றால் காற்பங்கு 200; முழுமை 800. இதற்குத் தாளும் வேண்டா; பொறியும் வேண்டா. மீதி 37½ கிராமைக் களவாடினான் என்னும் பழி ஓர் ஏழையின்மேல் விழாமல் காப்பது, எந்த நூற்றுக்கு என்னும் அந்த ஒரு கேள்விதான்.

இனி, அச்சேலை கடைக்கு வருகின்றது. 10,000 உருபாச் சேலைக்கு 14,000 என்று விலைச்சீட்டு ஒட்டி, நூற்றுக்கு 30 தள்ளுபடி என்று பறைசாற்றினால், வாங்குபவர் கொடுப்பது 9,800. ஏற்றியது 10,000-இன்மேல், இறக்கியது 14,000-இன்மேல். முப்பது குறைந்ததென்று மகிழ்ந்து வீடு திரும்புகின்றார். மெய்யாகக் குறைந்தது நூற்றுக்கு இரண்டே. அவ்வாறே, "இருபதும் அதன்மேற் பத்தும்" எனத் தள்ளுபடியை அடுக்கினால் அது முப்பதாகாது. 10,000 முதலில் 8,000 ஆகும். பின்னர் அதில் பத்திலொன்று போய் 7,200 ஆகும். குறைந்தது இருபத்தெட்டே. 2017 சூலையில் நடப்புக்கு வந்த சரக்கு, பணி வரியில் பட்டுத்துணிக்கு நூற்றுக்கு 5. 7,200-இல் பத்திலொன்று 720, அதிற் பாதி 360, ஆக 7,560. விலைச்சீட்டின் 10,000-க்கு வரி கணக்கிட்டு 500 கேட்பாராயின், கேட்ட நொடியிலேயே மறுக்க நமக்கு இயல வேண்டாவா?

பத்திலொன்றும் அதிற் பாதியுமாகப் பார்க்கும் இவ்வழி நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் இருபதில் ஒரு பங்கை மா என்றனர். அதுவே இன்றைய நூற்றுக்கு 5. இருமா 10, மும்மா 15, நான்மா 20, அரைமா 2½. எண்பதில் ஒன்று காணி, அது 1¼. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அது பதினாறில் ஒன்று, நூற்றுக்கு 6¼. அரைக்கால் 12½, கால் 25. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயரைச் சொன்னபோதே கணக்குப் பாதி முடிந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஓதிய சிறுவன் இவற்றை நாவிலேயே வைத்திருந்தான். காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் இந்த அளவுகளாலேயே கணக்கிட்டது. 1957 ஏப்பிரல் முதல்நாள் பதினாறணா உருபா போய், நூறு காசு உருபா வந்தது. பதின்ம முறையைப் பழிப்பது எம் கருத்தன்று. அஃது எளியது, உலகத்தோடு ஒத்தது. ஆனால், பழைய வாய்பாட்டைக் கைவிட்ட நாம், அது தந்த மனப்பயிற்சியையும் உடன் கைவிட்டோம். இழப்பு அங்கேதான் நேர்ந்தது.

கணக்கு வல்லாரின் ஊராகக் காஞ்சி இருந்தமைக்குச் சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உத்தம சோழன் காலத்தில் எழுதப்பட்டு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள செப்பேடுகள், கச்சிப்பேட்டு ஊரகத் திருமால் கோயிலைப் பற்றியவை. கோயிற்பொன் முதலாக வைக்கப்பட்டு, அதன் பொலிசையால் செலவு நடந்ததையும், கோயில் நடப்பில் நெசவாளர் வாழ்ந்த பாடிகளுக்குப் பொறுப்பு இருந்ததையும் அவை காட்டுகின்றன. பொலிசை என்பது வட்டி. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகக் காணப்படுகின்றது. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எதற்கு, எவ்வளவு, எத்துணைக் காலத்துக்கு என்னும் மூன்றும் கல்லிலேயே வெட்டப்பட்டிருந்தன. எவரும் எவரையும் ஏய்க்க இடமில்லை.

இன்றைக்கு நெசவாளியின் காதில் விழும் வட்டிக்கு அந்தத் தெளிவு உண்டா? "மூன்று வட்டி" என்பர். திங்களுக்கு மூன்று என்பதால் ஆண்டுக்கு முப்பத்தாறு. பெரியகோயிற் பொலிசையைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு! தண்டலோ இதனினும் கொடியது. 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையிற் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறுநாள் தண்டுவர். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று தோன்றும். கைக்கு வந்தது 8,500; அதற்கே 1,500 என்றால் பதினேழரைக்கு மேல். அக்கடனும் நாள்தோறும் கரைந்து வருவதால், அந்நூறு நாளிலும் அவன் கையில் நின்றது ஏறத்தாழப் பாதியளவே. அதற்கு 1,500 என்பது மூன்றிலொரு பங்குக்கு மேல். ஆண்டில் இத்தகைய நூறுநாள்கள் மூன்றுக்கு மேல் உள்ளன. எனவே, ஆண்டு வட்டி முதலையே விஞ்சிவிடுகின்றது! தண்டல், நாள்வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் 2003-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. ஆயினும், தான் கொடுப்பது எவ்வளவு என்பதையே அறியாதவன் எதைச் சொல்லி முறையிடுவான்?

"கைபேசி உள்ளதே, கணக்கு எதற்கு?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். பொறி, கேட்டதற்கு விடை தரும். எதைக் கேட்க வேண்டுமென்று சொல்லாது. தள்ளுபடியின் நூறு வேறு, விலையேற்றத்தின் நூறு வேறு என்று அதற்குத் தெரியாது. மேலும், பேரம் நடக்கும்போது வேண்டுவது கடைசிக் காசு வரையிலான துல்லியம் அன்று. ஏமாறாத அளவுக்கு ஒரு குத்துமதிப்பு. 11,850-க்கு மும்மா எவ்வளவு? 12,000 என்று கொள்க. பத்திலொன்று 1,200, அதிற் பாதி 600, ஆக 1,800-க்குச் சற்றுக் குறைவு. சரிகையை மார்க்கு என்னும் 242 கிராம் அளவில் விற்பர். அதில் வெள்ளி நூற்றுக்கு 40, பொன் நூற்றுக்கு அரை என்று ஒருவர் சொன்னால், 240-இன் பத்திலொன்று 24. நான்மடங்கு 96 கிராம் வெள்ளி. பொன்னோ 1¼ கிராமுக்கும் குறைவு! பொற்சரிகை என்னும் பெயருக்கு எவ்வளவு விலை தரலாம் என்பதை இனி அவரவரே முடிவு செய்யலாம்.

ஆதலின், தறியிருக்கும் வீடுதோறும், கடையிருக்கும் தெருதோறும் இப்பயிற்சி மீண்டும் தொடங்குக. விலைச்சீட்டு, கூலிச்சீட்டு, கடன்சீட்டு ஆகிய மூன்றையும் பிள்ளைகள் கையிற் கொடுத்து, வாயாலேயே கணக்கிடச் செய்யுங்கள். முதலில் பத்திலொன்று, பின் அதிற் பாதி, அதன்பின் எந்த நூற்றுக்கு, எத்துணைக் காலத்துக்கு என்னும் கேள்விகள். நாளைக்கு ஐந்து கணக்குப் போதும். எழுத்துக்கு முன் எண்ணை வைத்துப் போற்றிய இனத்தின் பிள்ளை, தன் கூலியைப் பிறர் எண்ணிச் சொல்லக் கேட்டுத் தலையசைத்து நிற்கலாகாது.