அரை நாள் வேலையா, அரை வயிற்றுக் கஞ்சியா?

"எழுத ஆசையா? சலிப்பூட்டும் ஆலை வேலையை விட்டெறி, அரை நாள் வேலை பார்த்துக் கலையை வளர்" என்று சில கனவான்கள் உபதேசிக்கிறார்கள். சாட்சிக்குப் பிராக் நகர எழுத்தாளர் காப்காவையும் இழுத்து வருகிறார்கள்.

காப்கா கதை என்ன? 1907-ல் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். நீண்ட நேர வேலை, எழுத நேரமில்லை. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1908-ல் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மாறினார். காலை 8 மணிக்குப் போனால் பகல் 2 மணிக்கு வேலை முடிந்தது. இரவில் எழுதினார். (மரம் இழைக்கும் இயந்திரம் தொழிலாளியின் விரலை வெட்டாதிருக்க வழி சொல்லி அறிக்கை எழுதியவரும் இவரே. கனவான்கள் இதைச் சொல்வதில்லை!) 1922-ல் நோயால் விலகியபோது பென்ஷனும் கிடைத்தது.

ஆறு மணி நேரம், முழுச் சம்பளம், பென்ஷன்! தோழர்களே, நமக்குக் காட்டும் அரை நாள் வேலை இதுவா? இங்கே அரை நாள் என்றால் அரைக் கூலி. நாளைக்கு வேலை உண்டா என்பது மேஸ்திரி வைத்த சட்டம். விவசாயக் கூலிக்கு வேலையில்லாத மாதங்களில் ஓய்வு ஏராளம், கஞ்சிதான் இல்லை. அடுப்பெரியாத வீட்டில் நாடகம் எழுதுவது எப்படி?

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே மே தினத்தன்று வாபஸ் அறிவித்தார்கள். அந்த நாட்களில் இந்த உபதேசிகள் எங்கே போயிருந்தார்கள்? கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறை என்று முதலாளியிடம் சொல்ல இவர்கள் வாய் திறப்பார்களா?