காரணம் சொல்லாத போர்



2024-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'சிவில் வார்' என்னும் படத்தைக் கண்டவர்கள் பேசுவதைக் கேட்டால், எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்ற ஐயம் எழுகிறது. அந்நாட்டில் முதல் வார இறுதியிலேயே இரண்டரைக் கோடி டாலர் வசூலாயிற்று. ஆனால் கொட்டகையை விட்டு வெளிவருவோரிடம் கருத்துக் கேட்டு மதிப்பிடும் சினிமாஸ்கோர் நிறுவனத்தார்க்குக் கிடைத்ததோ 'பி மைனஸ்' என்னும் நடுத்தர மதிப்பு. விமரிசகர்களில் பெரும்பாலோர் புகழ்ந்தனர். சிலர் கோழைத்தனம் என்று இகழ்ந்தனர். நம் வட்டத்து அன்பர்கள் எண்மர் அண்மையில் ஓர் இல்லத்தில் கூடி இதனைப் பார்த்தோம். இங்கும் அதே நிலைதான்.

கதை இதுவே. அமெரிக்கா உள்நாட்டுப் போரில் சிக்கியிருக்கிறது. மூன்றாம் முறையாகப் பதவியைப் பற்றிக்கொண்டிருக்கும் குடியரசுத் தலைவரை வீழ்த்த, டெக்சாஸும் கலிபோர்னியாவும் கூட்டுச் சேர்ந்து படை நடத்துகின்றன. தலைநகர் விழுமுன் அத்தலைவரைப் பேட்டி காண வேண்டும் என்று நியூயார்க்கிலிருந்து நால்வர் ஒரு வண்டியில் புறப்படுகின்றனர். போர்க்களப் புகைப்படக்காரியாகப் பெயர்பெற்ற லீ, நிருபர் ஜோயல், மூத்த செய்தியாளர் சாமி, இத்தொழிலில் நுழையத் துடிக்கும் ஜெஸ்ஸி என்னும் இளம்பெண். லீயாக நடித்திருப்பவர் கிர்ஸ்டன் டன்ஸ்ட். எழுதி இயக்கிய அலெக்ஸ் கார்லண்ட் ஆங்கிலேயர். அவருடைய தந்தையார் பத்திரிகைகளில் அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர். பத்திரிகைக்காரர்களிடம் அவருக்குள்ள பரிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதற் குறை சொன்னவர், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். "எதற்காகப் போர் என்று தெரியவில்லை, எவன் நல்லவன் என்று தெரியவில்லை, வெறும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம்?" என்றார். அவர் கேள்வி நியாயமானதே. குடியரசுத் தலைவர் தேர்தல்களில் டெக்சாஸ் 1980 முதல் ஒரு கட்சியையும், கலிபோர்னியா 1992 முதல் மறு கட்சியையும் தவறாமல் ஆதரித்து வருகின்றன. எலியும் பூனையுமான அவ்விரு மாநிலங்கள் எவ்வாறு கூடின என்று படம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் இதனை மறுத்தார். காரணம் சொல்லியிருந்தால் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் நின்று கைதட்டியிருப்பார்கள். போர் எத்தகையது என்பதை எவரும் கண்டிருக்கமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

ஆயினும் அன்றைய பேச்சு சூடுபிடித்தது வேறோர் இடத்தில். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது. அமெரிக்கப் பணம் மதிப்பிழந்துவிட்டது. கனடா நாட்டு டாலரைக் காட்டினால்தான் எண்ணெய் கிடைக்கிறது. பங்கின் பின்புறம் இருவரை அடித்து, குற்றுயிராகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காவல் நிற்கும் இளைஞன், அவர்களில் ஒருவன் தன் பள்ளித் தோழன் என்று வெகு சாதாரணமாகச் சொல்கிறான். ஜெஸ்ஸி உறைந்து நிற்கிறாள். லீயோ, அவனை அவ்விருவருக்கும் நடுவே நிற்கச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டு வண்டியேறுகிறாள். பிறகு ஜெஸ்ஸி அழுவது, தான் ஒரு படமும் எடுக்கவில்லையே என்றுதான்! நாம் பதிவு செய்வோம், கேள்வியைப் பிறர் கேட்கட்டும் என்பது லீயின் கொள்கை.

"ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தாளா அவள்?" என்று கேட்டார் எங்களுடன் இருந்த அம்மையார் ஒருவர். எவரும் வாய் திறக்கவில்லை. கொடுத்திருந்தால் மூன்றாவது கயிறு அவளுக்கே என்பது பின்னர்தான் எனக்குத் தோன்றிற்று. அதனால் அம்மையாரின் கேள்வி பொய்யாகிவிடாது. 1993-இல் சூடானில், பசியால் சுருண்டு கிடந்த குழந்தையையும் அருகே காத்திருந்த கழுகையும் படமெடுத்தார் கெவின் கார்ட்டர். 1994-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. குழந்தை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். அதே ஆண்டு ஜூலையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நம் நாட்டு டேனிஷ் சித்திக்கியை மறக்கலாகுமா? 2021 ஏப்ரலில் டில்லியின் சுடுகாடுகளில் வரிசையாக எரிந்த சிதைகளைப் படமெடுத்து உலகறியச் செய்தவர் அவர்; அவ்வாண்டு ஜூலை 16-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்துப் போர்முனையில் கொல்லப்பட்டார். அச்சுடுகாட்டில் அவர் தண்ணீர் கொடுத்தாரா என்று நாம் கேட்டதில்லை. அப்படங்கள் இல்லாவிடில் நாம் பலவற்றை நம்பியிருக்கவும் மாட்டோம்.

படத்தின்மேல் எனக்குள்ள குறை பெரியவரின் குறைக்கு அண்மையது; ஆனால் முற்றும் அதுவன்று. இரயில்வேயில் விபத்து நேர்ந்தால் மணி, இடம், சிக்னல் நிலை, சேதம் ஆகிய எல்லாம் குறிக்கப்படும். ஆயினும் காரணம் கண்டெழுதாமல் விசாரணை அறிக்கை முடிவதில்லை. பெரிய விபத்தாயின் பாதுகாப்பு ஆணையரே வந்து சாட்சிகளை விசாரிப்பார். புகைப்படக்காரி காரணம் கேளாதிருக்கலாம். அவள் கருவி கண்ணுக்கு முன்னிருப்பதை மட்டுமே காணும். நிருபன் அவ்வாறு இருத்தல் தகுமா? ஒரே வண்டியில் நெடுந்தொலைவு செல்லும் நால்வர், இப்போர் ஏன் மூண்டது என்று தங்களுக்குள் ஒருமுறையேனும் வாதிடுவதில்லை. நாம் நால்வர் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினால் நாக்பூர் வருமுன் மூன்று மந்திரிசபைகளைக் கவிழ்த்திருப்போம்! புகைப்படக்காரர்களை உயர்த்த வந்த இப்படம், எழுதுகிறவர்களைச் சற்றுத் தாழ்த்திவிட்டது என்றே எண்ணுகிறேன்.

ஆனால் ஓரிடத்தில் காரணம் தானே வெளிப்படுகிறது. பிணக்குழியருகே சிவப்புக் கண்ணாடி அணிந்த சிப்பாய் ஒருவன் இவர்களை மறிக்கிறான். ஜெஸ்ஸி பிளெமன்ஸ் என்ற நடிகர். கதாநாயகியின் கணவரே அவர். நாங்கள் அமெரிக்கர்கள் என்று கெஞ்சியதும், எந்த வகை அமெரிக்கர் என்று கேட்கிறான். பிறந்த மாநிலத்தைச் சொன்னவர்கள் தப்புகிறார்கள். ஹாங்காங் என்று சொன்னவன் அக்கணமே சுடப்படுகிறான். வாடகை வீடு தேடும்போதும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதும், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்ற கேள்வியை நம்மில் கேளாதவர் யார்? நம்மிடம் அது பெரும்பாலும் அன்போடே கேட்கப்பட்டது. எனினும் அந்தக் காட்சியில் எங்கள் அறையில் மூச்சுவிடும் ஓசைகூட இல்லை. பெரியவர் மட்டும், "இதுதான் காரணம் என்றால் முன்னமே சொல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்தார். இளைஞர் சிரித்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில், 1984-இல் வந்த 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' என்னும் படத்தைப் பார்ப்பதாக இருக்கிறோம். கம்போடியப் போரில் நியூயார்க் டைம்ஸ் நிருபரும் அவருக்கு உதவிய உள்ளூர்ச் செய்தியாளரும் பட்ட பாட்டைச் சொல்வது. வெளிநாட்டார் ஊர் திரும்பிவிடுகிறார். உள்ளூரார் திரும்ப இடமின்றி அகப்பட்டுக்கொள்கிறார். அவ்வேடத்தில் நடித்து ஆஸ்கார் பரிசு பெற்ற ஹெயிங் ஙோர், அக்கொடுமைகளைத் தாமே பட்டுத் தப்பிய மருத்துவர். யார் செய்த கொடுமை என்று அதில் பெரியவர் கேட்க வேண்டியிராது. இரண்டுமே சிறுவர்க்கு ஏற்றவை அல்ல. குழந்தைகளை உறங்க வைத்துவிட்டு வாருங்கள்.