உறுமும் வண்டி

கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகும் மலைப் பாதை. 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாஸடர் வண்டி ஒன்றில் போகிறீர்கள். வளைவில் யந்திரம் தானாகவே உறுமுகிறது, பிறகு அடங்குகிறது. இது விளையாட்டுக் காரியமா? கிளச்சை மிதித்து, பிரேக் போட்டு, ஓரமாக நிறுத்துங்கள்.

"மலைக் காற்றின் கோளாறு!" என்பார்கள். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவுதான். அதனால் யந்திரத்தின் வலிவு குறையுமேயன்றி, விட்டு விட்டு உறுமாது.

முதலில் ஆக்ஸிலரேட்டர் கம்பியும் சுருள்வில்லும் சிக்குகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், யந்திரம் ஓடும்போதே, கார்புரேட்டரின் கீழுள்ள இணைப்புகளிலும் ரப்பர்க் குழாய்களிலும், மின் கம்பிகளில் படாமல், சிறிது நீர் தெளியுங்கள். எங்கே தெளித்ததும் உறுமல் மாறுகிறதோ, அங்கேதான் வெடிப்பு. அதன் வழியே காற்று திருட்டுத்தனமாய்ப் புகுகிறது. குழாய் அசையும்போது வெடிப்பு திறந்து மூடுவதால், கோளாறும் வந்து வந்து போகிறது.

கார்புரேட்டரை விலைக்கு வாங்குமுன் ஒரு குவளை நீரைச் செலவிடுங்கள். யோசனைக்குப் பிறகே பணப்பையைத் திறப்பது விவேகம் அல்லவா?