உயிரற்ற இலக்கு



துப்பாக்கி சுடப் பழகலாமா, எவ்வாறு தொடங்குவது என்று கப்பலூர்ப் பகுதி இளைஞர்கள் வினவுகின்றனர்.

அம்பெய்யப் பழகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். அதே வேளை, உயிருள்ள எதையும் இலக்காக்குவதைத் தடுத்தார்கள். பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய வாலிபர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். உலகமோ வெகு காலம் கழித்தே இதனை உணர்ந்தது. 1900-ஆம் ஆண்டு பாரிஸில், உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டியே நடைபெற்றது!

இன்றைய ‘ஸ்கீட்’ விளையாட்டில் இலக்கு, 11 செ.மீ. அகலமுள்ள தட்டு. இருபுறக் கூண்டுகளிலிருந்து இயந்திரம் அதனை வீச, எட்டு நிலைகளில் மாறி மாறி நின்று சுட வேண்டும். சுற்றுக்கு 25 தட்டுகள். 1968 முதல் இது ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

தொடங்குவோர் துப்பாக்கி வாங்க விரையலாகாது. 21 வயது நிரம்பாதோர்க்கு உரிமம் கிடைக்காது. முதலில் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பை அணுகி, பயிற்றுநரின் நேர்ப்பார்வையில் பழகுங்கள்.

முதற்பாடம் சுடுவதன்று; அடக்கம். தம் முறை வரும்வரை துப்பாக்கி திறந்தே, ரவையின்றி இருத்தல் வேண்டும். காலியென்று அறிந்தாலும் குழலை எவர் பக்கமும் திருப்பலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குக் காப்பும் கட்டாயம்.

அடுத்தது குறி. தட்டையே நோக்கிச் சுட்டால், ரவைகள் சென்று சேருமுன் அது கடந்துவிடும். தட்டின் ஓட்டத்தோடு குழலை நகர்த்தி, சற்று முன்னே சுட வேண்டும். விசையை அழுத்திய பின்னும் நகர்வை நிறுத்தலாகாது. புதியவர் பலர் தவறுவது இங்கேதான்.

வயதாகிவிட்டதே என்று தயங்குவோர், உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவைச் சேர்ந்த மைராஜ் அகமது கானை எண்ணிப் பாருங்கள். 2022-இல், தம் 46-ஆம் வயதில், தென்கொரியாவின் சாங்வோனில் உலகக் கோப்பை ஸ்கீட் தங்கம் வென்றார். உலகக் கோப்பை ஆடவர் ஸ்கீட்டில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. நம் அண்டைப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான், இதன் உடன்பிறப்பான ‘டிராப்’ போட்டியில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றார்.

பெற்றோர்களே! ஏர்கன்னுடன் கண்மாய்க் கரைக்குச் செல்லும் பிள்ளைக்குக் கொக்கும் மைனாவும் வெறும் குறிகளாகிவிடுகின்றன. ஆர்வத்தை அடக்காதீர்கள், திசை திருப்புங்கள். உடைந்த தட்டுக்காக ஏங்கும் குஞ்சு எந்தக் கூட்டிலும் இல்லை.