ஆங்கிலத்தோடு இருபது சொற்களும் வேண்டும்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்களில் பலர் ரயிலைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஏஜென்ட் ஏற்பாடு செய்யும் பேருந்தில் ஏறிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் ஊருக்கு ஊர் விமானம். “அங்க பாஷை தெரியாம ஸ்டேஷன்ல என்ன செய்யறது டீச்சர்?” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. “இங்கிலீஷ் இருந்தா உலகம் பூரா சுத்தலாம்” என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. நெல்லைப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பாரிஸ், பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி என்று கணவரோடு ரயிலிலேயே போய்வந்திருக்கிறேன். அந்தப் பயமும் தேவையில்லை, இந்த நம்பிக்கையும் போதாது என்பதே என் கருத்து. எல்லாம் அட்டவணைப்படி நடக்கும்வரை ஆங்கிலம் கைகொடுக்கும். அட்டவணை மாறுகிற நிமிடத்தில் அந்த ஊர் மொழியில் இருபது சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தால் முடிகிற வேலைகள் ஏராளம். ஐரோப்பியர் அல்லாத பயணிகளுக்கென்றே 1959-ல் தொடங்கிய யூரெயில் என்ற ரயில் பாஸ் இன்று 33 நாடுகளில் செல்லுபடியாகிறது. அதை ஆங்கிலத்திலேயே வாங்கிவிடலாம். பாஸ் இருந்தாலும் பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார் ஆகியவற்றுக்குத் தனியாக இருக்கை முன்பதிவு கட்டாயம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. இவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துக்கொள்ளலாம்.

நிலையத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. நாம் மியூனிக் என்பது பலகையில் முன்ஷன் என்றிருக்கும். கொலோன் கோல்ன் ஆகிவிடும்; வியன்னா வீன், பிளாரன்ஸ் ஃபிரென்ஸே. மிலனில் பிளாரன்ஸ் ரயிலைத் தேடுகிறவருக்குப் பலகையில் பெரிய எழுத்தில் தெரிவது நேப்பிள்ஸ் அல்லது சலெர்னோ. ரயில் போய்ச் சேரும் கடைசி ஊரைத்தான் போடுவார்கள். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு ரயில் எண்ணைப் பார்க்க வேண்டும். வெனிஸுக்கு இரண்டு முக்கிய நிலையங்கள். மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. கால்வாய்க் கரையில் இறக்கிவிடுவது சாந்தா லூசியா. பிரான்சில் பிளாட்பார எண் பெரும்பாலும் புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் வரும், டி.ஜி.வி. கதவுகள் புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். தவறினால் அபராதம்.

ஜெர்மனியில் ஒரு சிறிய சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வட்டார ரயிலுக்காக 3-ஆம் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஜெர்மனில் மட்டும் வேகமாகப் பேசி ஓய்ந்தது. அந்தப் பேச்சில் ‘கிளைஸ்’, ‘ஆக்ட்’ என்ற இரண்டு சொற்களைத்தான் என் காது பிடித்தது. பிளாட்பாரம், எட்டு. பலகையில் இன்னும் 3 என்றே இருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் பைகளைத் தூக்கிவிட்டார்கள். கணவரையும் இழுத்துக்கொண்டு சுரங்கப் படியில் இறங்கினேன். எங்களைப் போலவே விழித்துக்கொண்டு நின்ற வெளிநாட்டு இளம் தம்பதியையும் கைகாட்டி அழைத்துக்கொண்டு 8-ஆம் பிளாட்பாரத்தில் ஏறியபோது ரயில் வந்துவிட்டிருந்தது. அன்று எங்களுக்கு உதவியது நான் ஆண்டுக்கணக்கில் கற்பித்த ஆங்கிலம் அல்ல, கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்த சொற்கள்தான்.

இப்படிப்பட்ட மாற்றங்கள் அங்கே அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024-ல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடுதான், அதுவும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே போகிற அதிவேக ரயில்கள் பல ஹாம் என்ற ஊரில் பிரிந்து, ஒரு பாதி டுசெல்டார்ஃபுக்கும் மறுபாதி கொலோனுக்கும் போகின்றன. மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி அனுப்பிய காலத்தைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். பெட்டி எண்ணைச் சரிபார்த்து ஏறினால் கவலையில்லை.

“சுற்றுலாப் பயணிகளை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், ஆங்கிலத்தில் அறிவித்தால் என்ன?” என்று சிலர் குறைப்படுகிறார்கள். பெல்ஜியத்தில் ஓஸ்டெண்ட் கடற்கரையிலிருந்து ஆய்ப்பன் வரை ஓடும் ரயிலில் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்வேன். நாங்கள் பிரஸ்ஸல்ஸில் ஏறியபோது அறிவிப்பு பிரெஞ்சு, டச்சு இரண்டிலும் வந்தது. நகரைத் தாண்டியதும் டச்சு மட்டும். லூவனைக் கடந்து மொழி எல்லை வந்ததும் டச்சு நின்று பிரெஞ்சு தொடங்கியது; அதுவரை ‘லாய்க்’ என்று கேட்ட ஊர்ப்பெயர் ‘லியேஜ்’ என்று ஒலித்தது. கடைசி நிறுத்தமான ஆய்ப்பனில் ஜெர்மன். அத்தனையும் ஒரே நாட்டுக்குள், ஒரே ரயிலில். 2024-ல் டச்சுப் பகுதியில் ஒரு பரிசோதகர் டச்சு வணக்கத்தோடு ‘பொன்ஜூர்’ என்றும் சேர்த்துச் சொன்னதற்காக, மொழிக் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் போனது. மொழிக்காகப் போராடிய மண்ணில் பிறந்த நமக்கு இந்த உணர்வை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ரயில் முதலில் தினமும் வேலைக்குப் போய்வருகிற உள்ளூர் மக்களுக்கானது. விபத்து, ரயில் ரத்து போன்ற அவசர அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதை நானும் ஆதரிக்கிறேன். அதற்கு மேல் எதிர்பார்க்க விருந்தாளிக்கு உரிமை இல்லை.

பாரிஸில் கார் து நோர் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் லா ஷபெல். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் 1980-களிலிருந்து கடை போட்டு வளர்த்த இடம். தெருவெங்கும் தமிழ்ப் பலகைகள். அங்கே ஒரு மளிகைக் கடையில், இத்தாலி ரயில் புறப்படும் கார் து லியோன் நிலையத்துக்கு வழி கேட்டோம். ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலில் ஏறினால் நேரே போய்விடலாம் என்று சொன்ன கடைக்காரர், “அக்கா, இங்க ஆரோட கதைக்கிறதெண்டாலும் முதல்ல பொன்ஜூர் சொல்லுங்கோ. பிறகு இங்கிலீசில கேட்டாலும் உதவி செய்வினம்” என்றார். அன்று மாலையே டிக்கெட் கவுன்டரில் அப்படியே செய்தேன். அந்தப் பெண் ஊழியர் மெதுவான ஆங்கிலத்தில் பொறுமையாக எல்லாம் விளக்கினார். பாரிஸில் வந்து இறங்கிய நாளில் தனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். கையில் எதுவுமில்லாமல் வந்து ஒரு முழு மொழியையே கற்று வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள். விசாவும் திரும்பும் டிக்கெட்டுமாகப் போகிற நாம் இருபது சொற்களுக்குச் சோம்பலாமா?

ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். போகிற நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். பிளாட்பாரத்துக்கு ஜெர்மனில் கிளைஸ், பிரெஞ்சில் வுவா, இத்தாலியனில் பினாரியோ, டச்சில் ஸ்போர். தாமதம், ரத்து, புறப்பாடு, வருகை ஆகியவற்றுக்கான சொற்கள், ஒன்று முதல் இருபது வரை எண்கள், ஒரு வணக்கம், ஒரு நன்றி. இறங்க வேண்டிய ஊர்களின் பெயர்களை அந்த நாட்டார் எழுதுகிறபடியே குறித்துக்கொள்ளுங்கள். எண் காதில் சரியாக விழவில்லை என்றால் பேனாவை நீட்டுங்கள், எழுதிக் கொடுப்பார்கள்.

சுற்றுலா ஏஜென்ட்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறீர்கள்; பயணிக்குக் கொடுக்கும் உறையில் இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளையும் வையுங்கள். வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பயந்து பேருந்துக்குள் அடைந்துவிடாதீர்கள் என்பதுதான். அந்தத் தாளோடு ரயிலேறுங்கள்.