கோல்ப் பையும் கிட்டிப்புள்ளும்

கள்ளக்குறிச்சியில் கோல்ப் மைதானம் கிடையாது. சின்னசேலத்திலும் கிடையாது, சங்கராபுரத்திலும் கிடையாது. கல்வராயன் மலைமேல் ஏறி வெள்ளிமலை வரையில் போனாலும், சாமை விளையும் கொல்லைகளையும் மரவள்ளித் தோட்டங்களையும் பார்க்கலாமே தவிர, வழவழவென்று சீவிவிட்ட புல்தரையைப் பார்க்க முடியாது. அப்படியிருக்க, இவ்வாரம் இந்தப் பக்கத்தில் கோல்ப் எங்கிருந்து வந்து குதித்தது என்று நேயர்கள் கேட்கலாம்.

என் நண்பர் ஒருவர்தான் அதற்குப் பொறுப்பாளி. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்ததிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம். கல்வராயன் மலையில் ஒரு கோல்ப் மைதானம் போட்டுவிட்டால் உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிவார்கள், மலைவாசிகளின் தரித்திரம் தீர்ந்துவிடும் என்கிறார். அவருக்கு வாயால் பதில் சொல்லி ஜயிக்க முடியாது. ஆகையால் எழுத்தில் சொல்ல முனைந்தேன்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். பார்வைக்கு இதைவிடச் சாதுவான விளையாட்டு உலகத்தில் இல்லை. நாலே கால் அங்குல அகலமுள்ள ஒரு குழி. நாலு தோலாவுக்குச் சற்றே குறைவான எடையுள்ள ஒரு பந்து. அதை மட்டையால் அடித்து அடித்துக் குழிக்குள் தள்ளவேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடித்தவருக்கு வெற்றி. எதிராளி நம் பந்தைத் தடுக்க மாட்டார். காலை வாரிவிட மாட்டார். மணலும் தண்ணீரும் காற்றும் நம்முடைய கையின் அவசரமுந்தான் எதிரிகள். ஒரு சுற்று முடிப்பதற்குள் ஏறக்குறைய நாலு மைல் நடந்தாகவேண்டும்.

பந்தின் வரலாறு ஆட்டத்தைவிட ருசியானது. ஆதியில் ஸ்காட்லாந்தில் தோல் உறைக்குள் வாத்து இறகுகளைத் திணித்துத் தைத்துப் பந்து செய்தார்கள். கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் சில பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. மழையில் நனைந்தால் அதுவும் ஊறிப்போகும். விலையோ, தனவந்தர்கள் மட்டும் கொடுக்கக்கூடிய விலை. 1848-ம் வருஷத்தை ஒட்டி, மலேயா நாட்டிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலைக் காய்ச்சி உருட்டிப் பந்து செய்யத் தொடங்கினார்கள். இந்த மரம் நம்முடைய இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கு நாட்டுக் கூலிகள் காட்டில் இறக்கிய பாலினால் ஸ்காட்லாந்துத் தையற்காரனும் கொல்லனும் பந்து வாங்கி ஆட முடிந்தது! பின்னர், 19-ம் நூற்றாண்டின் கடைசியில், ரப்பர் நூலைச் சுற்றிய பந்து வந்தது. மட்டையின் கதையும் இப்படியே. தலைக்கு, நம் கருங்காலிக்குத் தாயாதியான பெர்ஸிம்மன் மரம். காம்புக்கு ஹிக்கரி மரம். இங்கிலாந்தில் எஃகுக் காம்பை விதிகள் அனுமதித்தது 1929-ல்தான். ஒருவர் பதினாலு மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்று பத்து வருஷத்துக்குள் இன்னொரு விதியும் செய்தார்கள். அதுவரையில் இருபதும் அதற்கு மேலும் கொண்டுபோனார்கள்.

கொண்டுபோனார்கள் என்றேனே, யார் கொண்டுபோனார்கள்? இங்கேதான் நம்முடைய விஷயம் ஆரம்பிக்கிறது.

மட்டைப் பையைத் தூக்குகிறவருக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் 'கேடி' என்று எழுதினால் போலீஸ்காரர் வந்துவிடுவார். 'காடி' என்று எழுதினால் புளித்துப்போகும். ஆகவே பை தூக்கி என்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் 1829-ல் கல்கத்தாவில் கோல்ப் கிளப் அமைத்தார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ப் கிளப் கிடையாது. கொடைக்கானல் மைதானம் 1895-ல் வந்தது. இம்மாதிரி இடங்களில் நம்மவர் நுழைவதற்கு நெடுங்காலம் ஒரே வழிதான் திறந்திருந்தது: துரையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நுழைவது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், தன்னைவிட உயரமான பையைச் சுமந்துகொண்டு, நாலு மைல் பின்னால் நடப்பான். பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இந்த அடிக்கு எந்த மட்டை என்பதெல்லாம் துரைக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததை மெதுவாகச் சொல்லவேண்டும். துரை தப்பாக அடித்தால் பழியை ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இப்படிப் பின்னால் நடந்தவர்கள் முன்னால் வந்த கதைதான் இந்திய கோல்பின் நல்ல பாதி. இந்தியன் ஓபன் என்னும் பெரும் பந்தயம் 1964-ல் தொடங்கியது. முதல் வருஷம் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்ஸன் வென்றார். மறு வருஷம் பிரேம் கோபால் ஸேத்தி என்ற இந்தியர், பணத்துக்காக ஆடாதவர், கல்கத்தாவில் ஜயித்து எல்லோரையும் அசத்தினார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இந்தியர் ஒருவரும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. 1991-ல் தொட்டவர் அலி ஷேர், டெல்லி கோல்ப் கிளப்பில் பை தூக்கி வளர்ந்தவர். 1993-ல் மறுபடியும் வென்று, முதல் வெற்றி அதிர்ஷ்டமல்ல என்று காட்டினார். 2009-ல் வென்றவர் சின்னசாமி முனியப்பா. அவரும் பெங்களூரில் பை தூக்கியவர். கல்கத்தாவில் அந்த 1829-ம் வருஷத்துக் கிளப்பிலேயே புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன் சௌராஸியா. அவர் 2016, 2017 இரண்டு வருஷமும் தொடர்ச்சியாக வென்றார். புல்லை வெட்டியவரின் வீட்டிலிருந்து புல்மேல் ஆள்கிறவர் வந்தார்!

ஆனாலும் இவர்கள் எல்லோரையும்விட என் மனத்தைத் தொட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து இந்தியர் ஒருவர். 1860-ல் நம் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் முதற்கொண்டு, கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் நேட்டாலுக்குப் போனார்கள் அல்லவா? தென்னார்க்காட்டு ஜனங்களும் அவர்களில் உண்டு. காந்தியடிகள் 1893-ல் போய் இறங்கிய அதே நேட்டால். அங்கே குடியேறிய இந்திய வம்சத்தில் வந்தவர் ஸீவ்ஸங்கர் ஸீவ்கோலம். ஊரார் வைத்த பெயர் பாப்வா. சிறு வயதில் வெள்ளையரின் மைதானத்தில் பை தூக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாமே பழகினார். அதனால் அவர் மட்டையைப் பிடித்த விதமே விநோதம்: வலக்கை ஆட்டக்காரர் எல்லோரும் இடது கையை மேலேயும் வலது கையை அதன் கீழேயும் வைப்பார்கள், பாப்வாவோ தலைகீழாக வைத்தார். புஸ்தகப்படி அந்தப் பிடியில் பந்து நேராகப் போகக்கூடாது. பந்து புஸ்தகம் படித்ததில்லை போலும்! 1959, 1960, 1964 ஆகிய மூன்று வருஷங்களில் ஹாலந்து தேசத்து ஓபன் பந்தயத்தை அவர் வென்றார்.

சொந்த நாட்டில் நிறவெறிச் சட்டம். 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓபனில் அவர் வெள்ளையர் எல்லோரையும் தோற்கடித்தார். பரிசளிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்றவர்கள் கட்டடத்துக்குள் இருந்தார்கள். ஜயித்தவர் உள்ளே வரக்கூடாது. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் விளையாட்டு வீரர்களைப் பிற நாடுகள் பகிஷ்கரிக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியிருக்கவில்லை. 1965-ல் அதே பந்தயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற காரி பிளேயரையும் தோற்கடித்தார். அதன் பலன், பின்னர் வெள்ளையருடைய பந்தயங்களில் ஆட அவருக்கு அனுமதியே இல்லை என்றாயிற்று. 1978-ல் வறுமையில் மாண்டார்.

நம் தேசத்தில் அத்தகைய சட்டம் இல்லை. இருந்தாலும் வாசற்படிகள் சுலபத்தில் தாழ்வதில்லை. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேஷ்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியைத் தடுத்து நிறுத்தினார்கள். சுதந்திரம் பெற்று அறுபத்தேழு வருஷத்துக்குப் பின்! அந்த ஆண்டே சட்டசபை ஒரு சட்டம் செய்து, வேஷ்டிக்கு வழி திறந்துவிட்டது. வேஷ்டிக்கே சட்டம் வேண்டியிருந்தது என்றால் மலைவாசிப் பையனுக்கு என்ன வேண்டும் என்று என் நண்பர் யோசிக்கட்டும்.

கிண்டியையும் யோசிக்கட்டும். அங்கே குதிரைப் பந்தய ஓடுபாதையின் நடுவில் ஜிம்கானா கிளப்பாரின் கோல்ப் மைதானம் இருந்தது. சுற்றிலும் குதிரை, நடுவிலே பந்து. பந்தய கிளப்பின் வசம் 99 வருஷக் குத்தகையில் இருந்த நூற்றறுபது ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தை, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து எடுத்துக்கொண்டது. வெள்ளத்தைத் தாங்கக் குளங்களும், ஜனங்களுக்குப் பூங்காவும் என்பது அரசின் நோக்கம். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. கோடிக்கணக்கில் வாடகைப் பாக்கி, நகரத்துக்கு மூச்சுவிட இடம் என்றெல்லாம் இரு பக்கமும் பேசினார்கள். எனக்குத் தோன்றிய கேள்வி சிறியது. மைதானம் போனால் அங்கத்தினர் நந்தனத்துக்கோ வேறெங்கோ போய் ஆடிக்கொள்வார்கள். பை தூக்கிப் பிழைக்கிறவர் எங்கே போவார்?

ஆகவே கல்வராயன் மலைக்கு மைதானம் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். புல்லை வேனிற்காலத்திலும் பச்சையாக வைக்கத் தினந்தோறும் நீர் வேண்டும். கோமுகி அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. அணையை நம்பி நிற்கும் கழனிகள் கீழே இருக்கின்றன. மலைவாசிகள் 1976 வரையில் ஜாகீர்தார்களின் கீழ் இருந்தவர்கள். சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் செய்தியை இன்னமும் பத்திரிகையில் படிக்கிறோம். சுமப்பதற்கு அவர்களுக்குப் புதிதாக ஒரு பையைக் கொடுப்பது உபகாரமாகாது.

ஆனால் கோல்பிலிருந்து இரண்டு பொருளைச் செலவில்லாமல் கடன் வாங்கலாம். ஒன்று, ஹாண்டிகாப் என்னும் ஏற்பாடு. வல்லவனும் எளியவனும் ஒரே பந்தயத்தில் ஆடினால் முடிவு முன்கூட்டியே தெரியுமல்லவா? கோல்பில் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் வழக்கமாக எடுக்கும் அடிகளைப் பார்த்து ஒரு சலுகை எண் கொடுப்பார்கள். வல்லவருக்கு 4, எளியவருக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வல்லவர் 78 அடியில் முடித்தால் சலுகை போக 74. எளியவர் 93-ல் முடித்தால் சலுகை போக 73, அவரே ஜயித்தவர். தகப்பனும் மகனும், எழுபது வயதுக் கிழவரும் இருபது வயதுக் காளையும் மனஸ்தாபமில்லாமல் ஆட இதைவிட நல்ல உபாயம் நான் அறியேன்.

மற்றொன்று, தன் தப்பைத் தானே சொல்லுவது. பரந்த மைதானத்தில் மரத்துக்குப் பின்னால் பந்து அசைந்ததை யார் பார்க்கப்போகிறார்கள்? 1925-ல் அமெரிக்க ஓபன் பந்தயத்தில், தாம் அடிக்குமுன் பந்து துளி அசைந்தது என்று பாபி ஜோன்ஸ் தமக்குத் தாமே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். வேறு ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஓர் அடியினால் பந்தயம் சமமாகி, மறுபடி ஆடி, ஒரே அடியில் தோற்றார்.

இந்த இரண்டையும் கிட்டிப்புள்ளில் பொருத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. எங்கள் பள்ளியில் இந்தப் பருவத்தில் ஆரம்பித்திருக்கிறோம். செலவு: வேப்பங்கிளை இரண்டு. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் கலந்த கட்சிகள். புள் விழுந்த தூரத்தைக் கோலால் அளந்து, அடித்தவனே தன் கணக்கைச் சொல்லவேண்டும். எதிர்க் கட்சி அளக்கக்கூடாது. முதல் மூன்று ஆட்டங்களின் சராசரி பார்த்ததில் எட்டாம் வகுப்புக்கு 140 கோல், ஆறாம் வகுப்புக்கு 80. ஆகவே ஆறாம் வகுப்புக்கு 60 கோல் சலுகை என்று தீர்மானித்தோம். நாலாவது ஆட்டத்தில் ஆறாம் வகுப்பு 118 கோல் அடித்துச் சலுகையோடு 178 ஆக்கிவிட்டது! எட்டாம் வகுப்பார் எழுத்து மூலமாக மனு கொடுத்திருக்கிறார்கள்: பொடியன்கள் முதல் மூன்று ஆட்டங்களில் வேண்டுமென்றே அடக்கி ஆடிச் சராசரியைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பெரிய கோல்ப் கிளப்புகளிலும் இதே வழக்கு வருவதுண்டு. விசாரிக்க அங்கே ஒரு கமிட்டி உண்டு. இங்கே உடற்பயிற்சி ஆசிரியரும் நானுமாகக் கமிட்டி. வருகிற வெள்ளிக்கிழமை மாலை, மணி அடித்த பிறகு, விசாரணை.